தவமலர் மிஸ்ஸின் வலது கை

புத்தூரில் கடந்த இருபது வருடங்களில் பிறந்த பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்கு வீடு தேடி வந்து முதன்முதல் நிறை பார்த்தவர் தவமலர்தான். குடும்பநல உத்தியோகத்தர் என்பது அவருடைய உத்தியோகப் பெயர். ஊரில் யாரும் அவ்வளவு நீட்டி முழக்குவதில்லை. வெறும் ‘மிஸ்’ என்றால் பள்ளிக்கூடத்து ஆசிரியை. ‘மிட்வைவ் மிஸ்’ என்றால் தவமலர்.

காலை எட்டு மணிக்குப் பிறகு, தோட்டங்களுக்கு நடுவே போகும் செம்மண் ஒழுங்கைகளில் அவருடைய ஸ்கூட்டரைக் காணலாம். முன்பக்கக் கொழுக்கியில் தராசுப் பை, பின் பெட்டிக்குள் கொப்பிகள். கர்ப்பிணிகள், பிள்ளை பெற்றுப் பத்து நாள் ஆனவர்கள், தடுப்பூசிக்கு வராமல் ஒளித்துத் திரிகிறவர்கள் என்று ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு வீடுகள். கேற்றடியில் நின்று ஹோர்ன் அடிக்க மாட்டார், கூப்பிடுவார். அந்தக் குரல் மூன்றாம் வளவுக்குக் கேட்கும். இரும்புச்சத்துக் குளிசையை விழுங்காமல் கோழிக்கூட்டுக்குப் பின்னால் எறிந்த பெண் ஒருத்தியைக் கொண்டே அவ்வளவையும் பொறுக்கி எடுக்க வைத்தவர் என்று ஒரு கதை உண்டு. அது உண்மைதான் என்று அவரே சொல்வார்.

நோவைப் பற்றி அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. இடுப்பு நாரி நோகுது, மணிக்கட்டு நோகுது என்று இளம் தாய்மார் முறையிட்டால், “பிள்ளை பெத்த உடம்பு நோகாமல் என்ன செய்யும்? அதையே நினைச்சுக்கொண்டு இருந்தால் வேலை நடக்குமோ?” என்பார். தன்னையும் அப்படித்தான் நடத்தினார். காய்ச்சலோடு கிளினிக் நடத்தியிருக்கிறார். கணவர் கனகலிங்கத்தின் தோட்டத்தில் ஆள் கிடைக்காத நாட்களில், வேலை முடிந்து வந்த கையோடு வெங்காயம் பிடுங்கியிருக்கிறார். மகன் மயூரதன் படிப்புக்காகக் கண்டிக்குப் போனபிறகு வீட்டில் இருவர்தான். இருவருமே சும்மா இருக்கத் தெரியாதவர்கள்.

அந்த விபத்து நடந்தபோது அவருக்கு நாற்பத்தேழு வயது. விபத்து என்று சொல்லவே அவருக்குக் கூச்சம். அவ்வளவு சின்னது.

சங்கானைப் பக்கம் ஒருநாள் பயிற்சி வகுப்பு. ஐந்து குடும்பநல உத்தியோகத்தர்கள் சேர்ந்து ஒரு வான் பிடித்துப் போனார்கள். மருதனார்மடச் சந்தியில் சந்தை நேரத்து நெரிசல். கீரைக்கட்டுகளைச் சைக்கிளில் கட்டி உருட்டிக்கொண்டு ஒருவர் வீதியைக் கடந்தார். வான் நின்றது. பின் இருக்கையில் இருந்த தவமலர், பக்கத்தில் இருந்தவர் கேட்ட ஏதோ கேள்விக்குக் கழுத்தைத் திருப்பிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் பூசணிக்காய் ஏற்றிய சிறிய லொறி ஒன்று பின்னால் வந்து முட்டியது.

பெரிய சத்தம்கூட இல்லை. தலை ஒருதரம் பின்னால் போய் முன்னால் வந்தது. இறங்கிப் பார்த்தால் வானின் பம்பர் நெளிந்திருந்தது. இரண்டு பூசணிக்காய்கள் வீதியில் உருண்டு கிடந்தன. லொறிக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்.

“ஆருக்கும் ஒண்டும் இல்லைத்தானே?” என்று வான் சாரதி கேட்டார்.

எல்லோரும் தங்கள் தங்கள் உடம்பைத் தடவிப் பார்த்துவிட்டு இல்லை என்றார்கள். “நேரம் போகுது, எடுங்கோ வானை” என்று முதலில் அவசரப்படுத்தியவர் தவமலர். வகுப்பில் இரண்டு கேள்விகள் கேட்டார். மத்தியானச் சாப்பாட்டை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். அடுத்த நாள் காலை படுக்கையிலிருந்து அவரால் தலையைத் தூக்க முடியவில்லை.

எக்ஸ்ரேயில் எலும்புக்கு ஒன்றும் இல்லை. கழுத்துத் தசை பிரண்டிருக்கிறது, சில கிழமைகளில் மாறிவிடும் என்றார் வைத்தியர். பலருக்கு அப்படி மாறியும் விடுகிறது. வானில் அவருக்குப் பக்கத்தில் இருந்தவருக்கு ஐந்தாம் நாளே எல்லாம் சரி. தவமலருக்குக் கழுத்து கொஞ்சம் இளகியது. ஆனால் நோ கீழே இறங்கத் தொடங்கியது. முதலில் வலது தோள், பிறகு மேற்கை. ஒரு மாதத்துக்குள் முழங்கையைத் தாண்டிப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் வந்து சேர்ந்தது.

வெங்காயம் பிடுங்கிய அடுத்த நாள் வரும் உளைவு அல்ல அது. சில நேரம் மிளகாய் அரிந்த விரல் போல எரிந்தது. சில நேரம் தோளிலிருந்து விரல்வரை கறண்ட் அடித்தது. சட்டையின் கை உரசினாலும் தாங்க முடியவில்லை. ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு நாலு வீடு போவதற்குள் கழுத்து கல்லாகிவிடும். கையை உயர்த்திப் பின்னல் போட முடியாததால், இடுப்புவரை இருந்த கூந்தலைத் தோளோடு வெட்டிவிட்டார். கனகலிங்கம் அதைப் பார்த்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனார்.

வேலையில் பெரிய கரைச்சல் தராசுதான். பிள்ளைகளை நிறுக்கும் தொங்கு தராசை வீட்டுக் கூரை வளையிலோ மரக்கிளையிலோ கொழுவ வேண்டும். அதற்குக் கை தலைக்கு மேலே போக வேண்டும். ஒருநாள் ஒரு வீட்டு மாமரத்தடியில் அப்படிக் கொழுவும்போது விரல்கள் விட்டுவிட்டன. தராசு தரையில் விழுந்தது. பிள்ளை அதற்குள் இல்லை. இருந்திருந்தால் என்ற நினைப்பு அவரை ஒரு கிழமை சாப்பிட விடவில்லை. அதற்குப் பிறகு வீட்டுக்காரரையே கொழுவச் சொல்லிவிட்டுத் தள்ளி நிற்பார்.

ஆறாம் மாதம் நரம்பு வைத்தியர் ஒருவரிடம் அனுப்பினார்கள். கையில் சின்னச் சின்ன மின் அதிர்வு கொடுத்து, நரம்பு எவ்வளவு வேகமாகச் செய்தியைக் கொண்டுபோகிறது என்று அளந்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது.

“நல்ல செய்தி. நரம்பு ஒண்டும் அறுபடேல்லை” என்றார் வைத்தியர். மனதாரத்தான் சொன்னார். எரிவு குறைவதற்கு ஒரு குளிசை எழுதினார். பயிற்சியால் சிகிச்சை செய்யும் இயன்மருத்துவரைப் போய்ப் பார்க்கும்படி ஒரு கடிதமும் கொடுத்தார்.

தவமலர் கடிதத்தைக் கைப்பைக்குள் வைத்தார், அங்கேயே அது கிடந்தது. குளிசை எரிவைக் கொஞ்சம் தணித்தது. ஆனால் ‘நல்ல செய்தி’ அவருக்கு நல்லதாக இருக்கவில்லை. ஒன்றும் இல்லை என்றால், இந்தக் கைக்குள் இருப்பது என்ன?

இதே கேள்வியை மற்றவர்களும் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். அவர் லீவு எடுத்த நாட்களில் அவருடைய வீடுகளையும் சேர்த்துப் பார்த்தவர்கள் சக உத்தியோகத்தர்கள்தானே. மாதாந்தக் கூட்டத்தில் தேநீர் இடைவேளை. தவமலர் இடக்கையில் கோப்பையோடு கதவடிக்கு வந்தபோது உள்ளே கதைத்தது கேட்டது.

“எக்ஸ்ரேயும் கிளியர், நரம்புச் சோதனையும் கிளியர். அவவுக்கு நோ மனசிலைதான்.”

“வீடு வீடாய் அலையிறது வெறுத்துப்போச்சாக்கும்.”

பழைய தவமலர் என்றால் அந்தக் கதவு பிளந்திருக்கும். அன்று அவர் கோப்பையைச் சுவரோரம் வைத்துவிட்டு வந்து ஸ்கூட்டரில் ஏறினார்.

கனகலிங்கம் கெட்ட மனிதர் இல்லை. காலையில் தேங்காய் துருவிக் கொடுப்பார், கிணற்றிலிருந்து வாளி தூக்கிக் கொடுப்பார். ஆனால் மாதங்கள் போகப்போக அவருக்கும் சலித்துவிட்டது. ஒரு பின்னேரம், கை எரிகிறது என்று தவமலர் மூன்றாம் முறை சொன்னபோது அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டே சொன்னார்:

“எனக்கும்தான் நாரி நோகுது. அதுக்காக நான் தோட்டத்துக்குப் போகாமல் இருக்கிறனோ? நீர் அதையே நினைச்சுக்கொண்டு இருக்கிறீர்.”

தவமலர் ஊருக்கெல்லாம் சொல்லி வந்த வாசகம் அது. அன்று முதல் தன்மீதே அவருக்குச் சந்தேகம் வந்தது. உண்மையிலேயே நான்தான் நோவை நினைத்து நினைத்துப் பெரிதாக்குகிறேனோ? தனக்கே தெரியாமல் ஒரு ஆள் நடிக்கக்கூடுமோ? பின்னல் இல்லாத தலையோடு கண்ணாடிக்கு முன்னால் நின்று, வலக்கையை மெல்ல உயர்த்திப் பார்ப்பார். தோளுக்கு வந்ததும் கறண்ட் அடிக்கும். பொய்யாக இருந்தால் ஏன் யாரும் பார்க்காத நேரத்திலும் அடிக்கிறது?

இப்படி ஒன்பது மாதம் ஆன நிலையில்தான் வினோஜாவின் வீட்டுக்குப் போனார்.

வினோஜாவுக்கு முதல் பிள்ளை, பிறந்து பத்து நாள். தாய் தகப்பன் கனடாவில், கணவன் வேலைக்குப் போய்விட்டான். பிள்ளையைக் குளிப்பாட்டப் பயமாக இருக்கிறது, ஒருக்கால் காட்டித் தாருங்கள் என்று கேட்டிருந்தாள். தவமலர் குளிப்பாட்டும் பேசினில் சுடுதண்ணீரை ஊற்றி, பச்சைத் தண்ணீர் கலந்து, வலக்கை விரல்களை விட்டுக் கலக்கிப் பார்த்தார். இதமான சூடு போலத்தான் இருந்தது.

“சரி பிள்ளை, குஞ்சைக் கொண்டாரும்.”

வினோஜா பிள்ளையோடு வந்து குந்தினாள். “முழங்கையை விட்டுப் பாக்கோணும் எண்டு நீங்கள்தானே மிஸ் கிளினிக்கிலை சொன்னனீங்கள். நானும் ஒருக்கால் பாக்கட்டோ?”

“பாரும், பாரும். அதுதான் பழக வேணும்.”

வினோஜா முழங்கையை விட்டாள். விட்டவள் வெடுக்கென்று இழுத்தாள். “ஐயோ மிஸ், சுடுது!”

“சுடுதோ?” தவமலர் திரும்பவும் வலக்கையை விட்டார். பெருவிரலும் சுட்டுவிரலும் ஒன்றும் சொல்லவில்லை. இடக்கையை விட்டார். சுட்டது, நன்றாகவே சுட்டது. மறுபடி வலக்கையை இன்னும் ஆழமாக விட்டபோது சின்னவிரல் சுட்டது. அதே கையில், அதே தண்ணீரில், இரண்டு விரல்களுக்கு மட்டும் சூடு தெரியவில்லை.

அவர் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். பத்து நாள் பிள்ளையின் தோலை நினைக்கப் பயமாக இருந்தது. அந்தப் பயம் அடங்கமுன்னமே, வெட்கப்படும்படியாக இன்னொன்றும் வந்தது. ஒரு நிம்மதி. சூட்டை நினைத்து நினைத்து இல்லாமல் பண்ண யாராலும் முடியாது. இது நடிப்பு இல்லை.

“என்ன மிஸ்? ஏன் அழுறியள்?”

“எனக்கு உண்மையாவே வருத்தம்தான், பிள்ளை” என்றார் தவமலர். அழுகைக்குள் சிரிப்பும் வந்தது.

வினோஜா ஒரு கையில் பிள்ளையை அணைத்தபடி மறு கையால் கதிரை ஒன்றை இழுத்து வந்து போட்டாள். “அது எங்களுக்கெல்லாம் தெரியும்தானே மிஸ். தராசு கொழுவேக்கை உங்கடை முகத்தைப் பாக்கிறனாங்கள்.”

அன்று வினோஜாவே தண்ணீர் கலந்து, முழங்கை விட்டுப் பார்த்து, பிள்ளையைக் குளிப்பாட்டினாள். தவமலர் கதிரையில் இருந்தபடி வாயால் சொல்லிக் கொடுத்தார். இனிமேல் எந்த வீட்டிலும் தண்ணீர்ச் சூட்டை இடக்கையால்தான் பார்ப்பது என்று அங்கேயே முடிவெடுத்தார். வீட்டுக்கு வந்ததும் கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டி அந்தக் கடிதத்தைத் தேடி எடுத்தார்.

இயன்மருத்துவர் நிஷானிக்கு முப்பது வயது இருக்கும். அச்சுவேலிப் பிள்ளை. கனகலிங்கம் மோட்டார் சைக்கிளில் தவமலரை ஏற்றி வந்து, வெளியே நிற்கிறேன் என்றார். “நீங்களும் உள்ளை வாங்கோ ஐயா, கதிரை இருக்குத்தானே” என்று நிஷானி கூப்பிட்டார். பிறகு தவமலரைப் பார்த்து, “அடிபட்ட நாளிலை இருந்து ஆறுதலாச் சொல்லுங்கோ மிஸ்” என்றார்.

தவமலர் சொன்னார். பூசணிக்காய் லொறியிலிருந்து பேசின் தண்ணீர் வரைக்கும். ஒன்பது மாதத்தில் இந்தக் கதையை யாரும் குறுக்கே பேசாமல் கேட்டது அன்றுதான்.

பேசின் கதை முடிந்ததும் நிஷானி எழுந்து போய் இரண்டு கண்ணாடிக் குழாய்களோடு வந்தார். ஒன்றில் சுடுதண்ணீர், மற்றதில் குளிர்சாதனப் பெட்டித் தண்ணீர். தவமலரைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு விரலிலும் மாற்றி மாற்றி வைத்தார். இடக்கையில் எல்லாம் சரியாகச் சொன்னார். வலக்கைப் பெருவிரலில் குளிர்ந்த குழாயை வைத்தபோது, “ஏதோ தொடுறியள். குளிரோ சூடோ தெரியேல்லை” என்றார்.

“அது ஐஸ் தண்ணியெல்லோ!” என்றது ஒரு குரல். கனகலிங்கம் கதிரையின் நுனிக்கு வந்திருந்தார்.

பிறகு தவமலரைப் படுக்க வைத்து, வலக்கையைப் பக்கவாட்டில் மெல்ல விரித்து, முழங்கையையும் மணிக்கட்டையும் நிமிர்த்தினார் நிஷானி. விரல்வரை எரிவு வந்ததும் கையை அப்படியே பிடித்துக்கொண்டு, “இப்ப தலையை மட்டும் இடப்பக்கம் சரியுங்கோ” என்றார். சரித்ததும் எரிவு குபீரென்று ஏறியது. “இனி வலப்பக்கம்.” எரிவு இறங்கியது.

“நான் கையை அசைக்கவே இல்லை மிஸ். கழுத்து அசைய விரல் எரியுது. கழுத்திலை இருந்து விரல் வரைக்கும் ஒரே நரம்புதான் ஓடுது. அது சினந்துபோய் இருக்கு. இழுபட்டால் கத்துது.”

“அப்ப அந்த மெஷின் பொய் சொல்லிச்சுதோ?” என்று கேட்டார் கனகலிங்கம்.

“இல்லை ஐயா. அந்தச் சோதனை நரம்புக்குள்ளை இருக்கிற தடிச்ச இழைகளைத்தான் அளக்கும். அதுகள் நல்லாத்தான் இருக்கு. சூடு, குளிர், நோ எல்லாத்தையும் கொண்டுபோறது மெல்லிய இழைகள். அதுகளை அந்த மெஷின் காணாது. வெளிநாட்டிலை இப்பிடிக் கழுத்து அடிபட்ட ஆக்களைச் சோதிச்சிருக்கினம். சில பேருக்குக் கைக்குப் போற நரம்பு சினந்திருக்கிற அடையாளம் ஸ்கானிலை தெரிஞ்சிருக்கு. விரல் தோலிலை மெல்லிய இழைகள் குறைஞ்சும் இருந்திருக்கு. எல்லாருக்கும் இல்லை. மிஸ்ஸுக்கு அப்பிடித்தான் எண்டு ஸ்கான் எடுக்காமல் நான் சத்தியம் பண்ணேலாது. ஆனால் உந்தக் கை அப்பிடித்தான் கதைக்குது.”

தவமலர் எழுந்து இருந்தார். ஒரு கேள்வியைத்தான் கேட்க வேண்டியிருந்தது. “மாறுமோ, பிள்ளை?”

நிஷானி உடனே ஓம் சொல்லவில்லை. “நரம்பு ஆறக்கூடியது. ஆனால் ஆறுதலாத்தான் ஆறும், மாதக்கணக்கிலை. முழுக்க மாறுமெண்டு வாக்குத் தரமாட்டன். இப்ப இருக்கிறதை விட நல்லா இருப்பியள் எண்டு நம்பிறன். டொக்டர் தந்த குளிசையை விடாதேங்கோ, பயிற்சி நான் காட்டுறன்.”

திரும்பி வரும்போது பாதி வழியில் கனகலிங்கம் ஒரு வேப்பமரத்தடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். இறங்கவில்லை. முன்னால் பார்த்தபடியே சொன்னார்.

“தவம், அண்டைக்கு நான் சொன்னதை மறந்துவிடும்.”

“எதை?”

“தெரியாத மாதிரிக் கேளாதையும்.”

தவமலர் இடக்கையால் அவருடைய தோளில் ஒரு அடி போட்டார். வண்டி மறுபடி புறப்பட்டது.

பயிற்சி பார்வைக்கு ஒன்றுமே இல்லை. கையை மெல்ல விரித்துக்கொண்டு போகும்போது தலையையும் அந்தப் பக்கமே சரிக்க வேண்டும். நரம்பை இழுக்காமல் அதன் பாதையில் சற்று வழுக்கி ஓடவிடுவதற்கு. ஆறு தரம், காலையும் மாலையும். எரிவு வருமுன் நிறுத்திவிட வேண்டும். ஆறு தரத்தில் என்ன வந்துவிடும் என்று நினைத்த தவமலர், நாலாம் நாள் நாற்பது தரம் செய்தார், எரிய எரிய. அடுத்த மூன்று நாட்கள் கையை ஒரு தலையணையில் வைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தார். எல்லாம் போச்சு என்று நினைத்தார்.

நிஷானி கோபிக்கவில்லை. “மிஸ், ஒரு தாய் கெதியாச் சுகம் வரட்டும் எண்டு ஒரு மாதக் குளிசையை ஒரே நாளிலை விழுங்கினால் நீங்கள் என்ன செய்வியள்?”

“கொன்றுபோடுவன்.”

“அப்ப நான் உங்களை என்ன செய்ய?”

அதற்குப் பிறகு ஆறு என்றால் ஆறுதான். கிணற்றடியில் நின்று செய்வார். கனகலிங்கம் பல் விளக்கிக்கொண்டே எண்ணுவார். ஏழாவது வந்தால் துப்பிவிட்டு, “காணும், நிப்பாட்டும்” என்பார்.

ஸ்கூட்டர் ஓட்டுவதைச் சில மாதங்களுக்கு நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். வீடுகளுக்குப் போவது எப்படி? கனகலிங்கம் விடிய நாலு மணிக்கே தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு, எட்டு மணிக்குக் குளித்து, வெள்ளைச் சேர்ட்டுப் போட்டு மோட்டார் சைக்கிளோடு கேற்றடியில் நின்றார். முதல் கிழமை வீடுகளுக்கு வெளியே ஒழுங்கையில்தான் காத்திருந்தார். இரண்டாம் கிழமை, தராசைக் கொழுவ ஆள் இல்லாத ஒரு வீட்டில் உள்ளே கூப்பிட்டார்கள். பிறகு அது அவருடைய வேலையாகிவிட்டது. வளையில் கொழுவி, முள்ளைப் பூச்சியத்தில் நிறுத்தி, பிள்ளையைத் துணித்தொட்டிலில் தாய் வைத்ததும் குனிந்து வாசிப்பார். “மூண்டு எண்ணூறு!” என்று வெங்காயம் நிறுக்கிற குரலில் கத்துவார். பிள்ளைகள் திடுக்கிட்டு அழுகையை நிறுத்தின.

“என்ன கனகலிங்கம், நீயும் மிட்வைவ் ஆகிட்டியாம்?” என்று கடையடியில் பரமலிங்கம் என்ற தோட்டக்காரர் ஒருநாள் பகிடி பண்ணினார்.

“ஓம். உன்ரை பேத்திக்கு நிறை காணாது. முட்டை குடுக்கச் சொல்லு” என்றார் கனகலிங்கம்.

பயிற்சி தொடங்கி ஐந்தாம் மாதமளவில் ஒரு காலை, சட்டையின் கையை மாட்டிய பிறகுதான் தவமலருக்கு உறைத்தது, அது உரசியது எரியவில்லை என்று. உடனே நம்பவில்லை. கழற்றி மறுபடி மாட்டிப் பார்த்தார். பிறகு இரவில் இடையில் எழும்பாமல் தூங்கிய நாட்கள் வந்தன. கழுத்தின் இறுக்கம் குறைந்தது. மழைக்காலத்தில் எரிவு கூடி, எல்லாம் பின்னால் போனது போல இருந்தது. தை மாதத்து வெயிலோடு சுகம் மறுபடி முன்னால் வந்தது. கண்ணாடிக் குழாய்ச் சோதனையில் சுட்டுவிரல் குளிரைப் பத்தில் ஆறு தரம் சரியாகச் சொன்னது. பெருவிரல் இன்னும் பிடிவாதமாக இருந்தது.

குரலும் திரும்பி வந்தது. ஒரு மாதாந்தக் கூட்டத்தில் தனக்கு ஐந்து நிமிடம் வேண்டும் என்று கேட்டு எழுந்தார். “எனக்கு மனசிலை நோ எண்டு கதைச்சவை இஞ்சை இருக்கினம். பேர் சொல்லேல்லை. ஆனால் நாங்கள் எல்லாரும் தாய்மாருக்கு அதைத்தான் சொல்லிக்கொண்டு திரியிறம். நான்தான் கூடச் சொன்னனான்.” பிறகு தன் கைக்கு நடந்ததை, மெல்லிய இழை, தடித்த இழை எல்லாவற்றையும் சுருக்கமாகச் சொன்னார். கூட்டம் முடிந்ததும் ஒருவர் வந்து அவருடைய கோப்பைக்குத் தேநீர் ஊற்றித் தந்தார்.

அந்த நாட்களில் கிளினிக்குக்கு ஒரு தாய் வந்தாள். சத்திரசிகிச்சை செய்து பிள்ளை பெற்று ஏழு மாதம். தழும்புக்குப் பக்கத்தில் பாவாடை நாடா பட்டாலே எரிகிறது, எல்லோரும் ஒன்றுமில்லை என்கிறார்கள் என்று, வெட்கத்தோடு, போகிற போக்கில் சொன்னாள். தவமலர் கொப்பியை மூடிவிட்டு, “இரும் பிள்ளை, ஆறுதலாச் சொல்லும்” என்றார். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அந்தத் தாயின் எரிவை அவரால் மாற்ற முடியவில்லை. எந்த இடத்தில், எப்போது, என்ன பட்டால் என்று எல்லாம் விபரமாக எழுதி வைத்தியருக்கு ஒரு கடிதம் கொடுத்தார். அவ்வளவுதான் செய்ய முடிந்தது. அந்தப் பெண் கடிதத்தை மடித்துப் பிள்ளையின் மருத்துவக் கொப்பிக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு போனாள்.

விபத்து நடந்து ஒன்றரை வருட முடிவில் மேலதிகாரிகள் அவரை நிரந்தரமாக அலுவலக மேசைக்கு மாற்ற நினைத்தார்கள். நல்லெண்ணத்தில்தான். தவமலர் ஒத்துக்கொள்ளவில்லை. பேசிப் பேசிக் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். அவருடைய பிரிவில் பாதியைப் புதிதாக வந்த உத்தியோகத்தர் ஒருவர் பார்ப்பார். தவமலர் கிழமையில் மூன்று நாள் வீடுகளுக்குப் போவார், இரண்டு நாள் கிளினிக்கில் இருப்பார். பாதிப் பிரிவை விட்டுக் கொடுத்த நாள் அவருக்குக் கவலையாகத்தான் இருந்தது. அந்த வீடுகளின் பெயர்களைப் புதியவருக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். எந்த வீட்டில் நாய் கடிக்கும் என்பதையும்.

சென்ற வைகாசியில் நிஷானி ஸ்கூட்டருக்கு அனுமதி கொடுத்தார். பாரம் குறைந்த ஹெல்மெட், அரை மணித்தியாலத்துக்கு ஒருதரம் இறங்கி ஓய்வு. முதல் நாள் தவமலர் வேலைக்குப் போகவில்லை. அச்சுவேலிச் சந்தைவரை ஓட்டிப் பார்க்கப் போவதாகச் சொன்னார். நானும் வாறன் என்றார் கனகலிங்கம். வேண்டாம், உங்களுக்குத் தோட்டத்திலை வேலை இருக்கு என்றார் தவமலர்.

வீதிக்கு வந்ததும் ஓரமாகவே ஓட்டினார். பின்னால் வாகனச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தோள் தானாக உயர்ந்தது. ஒரு பஸ் கடந்து போனது, ஒரு உழவு இயந்திரம் போனது. கழுத்தை முழுதாகத் திருப்ப இன்னும் முடியாது. கண்ணாடியில் பார்த்துப் பார்த்துத்தான் போனார். மூன்றாவது தரம் பார்த்தபோது, தூரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள், அவருடைய வேகத்திலேயே, முந்தவும் இல்லாமல் பிந்தவும் இல்லாமல் வந்துகொண்டிருந்தது.

சந்தையடியில் ஸ்கூட்டரை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றிக் காத்திருந்தார். கனகலிங்கம் வந்து நின்று, சந்தைப் பக்கம் பார்த்தபடி, “கத்தரிக் கண்டு வாங்க வந்தனான்” என்றார்.

“வீட்டிலை ரெண்டு தட்டுக் கண்டு கிடக்கு.”

“அது வேறை இனம்.”

“சரி, வாங்கோ” என்றார் தவமலர். “வாங்கிக்கொண்டு முன்னாலை போங்கோ. நான் கூழுக்கு மீன் பாத்துக்கொண்டு பின்னாலை வாறன்.”

கனகலிங்கம் கத்தரிக் கன்று வாங்கினார். தவமலர் மீன் வாங்கினார். பையை இடக்கையில் தூக்கி ஸ்கூட்டர் கொழுக்கியில் மாட்டினார். பிறகு, வெயில் ஏறமுன் வீடு போய்ச் சேருவோம் என்று தவமலரே சொல்ல, இரண்டு பேரும் சேர்ந்தே புறப்பட்டார்கள்.